பிரேக் அக்கா ஸ்பானிஷ் படித்தாள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சி வண்டியில் ஓட்டக் கற்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்குக்கு அவள்தான் எஜமானி. மிதித்து மிதித்து அவளுடைய வலதுகால் செருப்பு காகிதமாகத் தேய்ந்துவிடும். இடதுகால் செருப்போ அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல மினுமினுக்கும்.

"கண்ணாடியப் பாரு. இண்டிகேட்டரப் போடு. என் மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கு? ரோட்டப் பாரு!" காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பேச்சு இதுதான். பயம் என்பது அவள் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. லாரி மூக்குக்கு நேரே வந்தாலும் கொட்டாவி விட்டபடி காலை அழுத்துவாள். வண்டி நிற்கும். ஓட்டியவருக்குத்தான் உயிர் போய் உயிர் வரும்.

அப்படிப்பட்டவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஸ்பானிஷ் டீச்சர் வந்து சேர்ந்தாள். பக்கத்துக் கல்லூரியில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறவள், கடல் கடந்து வந்தவள். தமிழையும் விட்டுவைக்காமல் கற்றிருந்தாள். ஆனால் கற்றதெல்லாம் இலக்கணப் புத்தகத்திலிருந்து. அவள் வாயைத் திறந்தால் மேடையில் யாரோ மைக்கைப் பிடித்ததுபோல இருக்கும்.

"அக்கா அவர்களே, எதிரே ஒரு பேருந்து வந்துகொண்டிருக்கின்றது. நான் இப்பொழுது என்ன செய்தல் வேண்டும்?"

"அது போயிருச்சும்மா."

"எங்கே போயிற்று?"

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அது டிப்போவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்."

டீச்சர் ஏற்கெனவே ஓட்டுநர் தேர்வில் தோற்றுப் போய்த்தான் அக்காவிடம் வந்திருந்தாள். நேர்ச்சாலையில் நன்றாகவே ஓட்டுவாள். நாலு பக்கமும் வண்டி வருகிற ரவுண்டானாவைக் கண்டால்தான் பயம். ஒருநாள் ரவுண்டானாவுக்குள் நுழைந்தவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை. சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். நடுவில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்தார், கடைசியில் கை காட்டி டாட்டா சொன்னார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து வண்டியை ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினாள்.

"ஒரு கோயில் பிரகாரத்தக்கூட நான் இத்தனை தடவை சுத்தினதில்ல தாயி," என்றாள்.

டீச்சர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா அவர்களே, நீங்கள் எப்போதாவது ஒன்றும் தெரியாதவராக இருந்திருக்கிறீர்களா? எனக்கு ஐயமாக உள்ளது. நீங்கள் பிறக்கும்போதே கையில் உரிமத்துடன் பிறந்திருப்பீர்கள்."

அக்கா என்ஜினை அணைத்தாள். யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியாமல் கடைசியாக எப்போது திருதிருவென்று விழித்தோம் என்று உண்மையிலேயே நினைவுக்கு வரவில்லை.

"என் மாலை வகுப்புக்கு வாருங்கள்," என்றாள் டீச்சர். "தொடக்க நிலை. பேச்சு மட்டும்தான். அங்கே நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் பிரேக்குடன் அமர்ந்திருப்பேன்."

"அதென்ன பெரிய வித்தையா? வந்துட்டாப் போச்சு," என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள் அக்கா.

அவளுடைய வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். எந்தச் சுவரின் துண்டைக் கொண்டு வந்து நீட்டினாலும் அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து கொடுப்பார். பரம சாது. விரல் நகங்களில் தினம் ஒரு வானவில் இருக்கும். தலையில் மட்டும் ஒன்றும் இருக்காது. கல்யாணத்தின்போது அலையலையாக இருந்த முடி கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்று, இப்போது உச்சந்தலை பளிங்குத் தரையாகிவிட்டது. அதற்காக அவர் எப்போதும் ஒரு தொப்பி வைத்திருந்தார்.

"என்னங்க, நான் காலேஜுக்குப் போறேன்," என்றாள் அக்கா அன்று சாயங்காலம்.

"யாரைக் கொண்டுபோய் விடணும்?"

"யாரையும் விடல. படிக்கப் போறேன். ஸ்பானிஷ்."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஸ்பானிஷ் பேசற ஆளு நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப பேசறதுக்கு?"

"பேசறதுக்கில்லீங்க. எனக்குப் பயம் வருதான்னு பாக்கப் போறேன்."

அவர் மீதி டீயைக் குடித்து முடித்தார். "நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன், கூட்டிட்டும் வர்றேன்," என்று மட்டும் சொன்னார்.

பயம் வந்தது. வகுப்பறை வாசலிலேயே வந்தது. கை வைத்த நாற்காலிகள், கையோடு ஒட்டிய எழுதுபலகை, கரும்பலகையில் பகல் வகுப்பு அரைகுறையாக அழித்துவிட்டுப் போன ரசாயனச் சமன்பாடு. டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றாள். வாசற்படியைத் தாண்டினால் தமிழ் கூடாது. அதுதான் வகுப்பின் சட்டம். கைப்பேசியில் அகராதி பார்க்கலாம், கையைக் காலை ஆட்டலாம், படம் வரையலாம், தமிழ் மட்டும் கூடாது.

காலையில் ரவுண்டானாவைப் பார்த்து நடுங்கிய பெண்ணா இவள் என்று இருந்தது அக்காவுக்கு. வகுப்பில் டீச்சர் மீன்குஞ்சு மாதிரி வளைய வந்தாள். அவள் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டே நெருங்கி வர, அக்கா நாற்காலியின் கையை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்தாள். "கோமோ சே யாமா?" என்று டீச்சர் அவள் முன்னால் குனிந்தபோது, பெற்றவர்கள் வைத்த பெயர் சுத்தமாக மறந்து போய், "பிரேக்!" என்று அலறிவிட்டாள். கூடவே வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது.

வகுப்பு ஒரு கணம் திகைத்தது. டீச்சர் மட்டும் கண் விரியக் கைதட்டினாள். ஸ்பானிஷில் நாக்கைச் சுழற்றி அதிரவிட வேண்டிய ஒரு 'ர்ர்' உண்டு. வருஷக்கணக்கில் முயன்றும் பலருக்கு வராத ஒலி அது. நாளெல்லாம் "ப்ர்ர்ரேக்!" என்று கத்திக் கத்தி அக்காவின் நாக்கில் அது சும்மாவே குடியிருந்தது. அன்று வகுப்பு முடியும்வரை மொத்தப் பேரும் "ப்ர்ர்ரேக், ப்ர்ர்ரேக்" என்று அவளைப் பார்த்துப் பயிற்சி செய்தார்கள். தாழ்வாரத்தில் போன காவல்காரர் ஏதோ மோதல் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்காவின் குழுவில் நாலு பேர் வாய்த்தார்கள். ஒருவர் பல் டாக்டர். நோயாளியின் வாயில் கருவியைத் திணித்துவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர், ஆகையால் பதிலுக்குக் காத்திருக்கவே மாட்டார். "எப்படி இருக்கிறீர்கள், நல்லது, எங்கே வேலை, நல்லது," என்று ஸ்பானிஷில் தாமே கேட்டுத் தாமே தலையாட்டிக்கொள்வார். இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எதைச் சொன்னாலும் முத்திரை குத்துவதுபோல மேசையில் ஒரு தட்டு. ஒரு நர்ஸ், யாருக்கு என்ன என்றாலும் கண் கலங்குபவள். கடைசியாகக் கேக் மாஸ்டர், பேக்கரி வைத்திருப்பவர். வகுப்புக்கு வரும்போதே வெண்ணெய் வாசனையும் கூட வரும்.

முதல் சில வகுப்புகள் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒருநாள் டீச்சர் மேசையைத் தட்டி, "லா மேசா," என்றாள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். மேசாவா? நம்ம மேசை! வெளியூர்ச் சந்தையில் சொந்த அத்தையைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனால் அந்த மேசை பெண்பால் என்றாள் டீச்சர். ஜன்னலும் பெண். கதவும் பெண். கார்?

"எல் கோச்சே," என்றாள் டீச்சர். ஆண்பால்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் ஏறியதும் அக்கா வீட்டுக்காரரின் முதுகைத் தட்டினாள். "என்னங்க, காரு ஆம்பளையாம்! இத்தனை வருஷமா நான் யாரு மடியில உக்காந்திருந்தேன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"அவன் உன்கிட்ட என்ன பாடு பட்டிருப்பான்," என்றார் அவர் தலையைத் திருப்பாமல்.

பிறகு வந்தது 'பிடிக்கும்' பாடம். 'மே குஸ்தா'. 'எனக்குப் பிடிக்கும்.' நான் பிடிக்கிறேன் இல்லை, எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தின் வழியாகவே யோசித்துப் பழகிய பல் டாக்டரும் தபால் அதிகாரியும் அங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள். அக்காவோ வழுக்கிக்கொண்டு போனாள். எனக்குக் காபி பிடிக்கும், எனக்கு மழை பிடிக்கும், உனக்கு என்ன பிடிக்கும்? அட, வீட்டில் பேசுகிற மாதிரியேதானே இருக்கிறது! அன்று அவள் பிடித்ததையெல்லாம் சொன்னாள். நாற்காலி பிடிக்கும், ஜன்னல் பிடிக்கும், கேக் மாஸ்டரின் சட்டை பிடிக்கும், நர்ஸின் மூக்கு பிடிக்கும். தெரிந்த பெயர்ச்சொல் தீர்ந்து போகும்வரை உலகத்தில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுமில்லை.

அந்தக் கிறுக்கு இறங்கவேயில்லை. காலையில் வண்டியில் உட்கார்ந்தால் வாயோரம் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டக் கற்கும் பெண் கிளட்சைத் தப்பாக விட்டு வண்டி தவளை மாதிரிக் குதித்தால், முன்பு காது கிழிய வசவு விழும், இப்போது, "போக்கோ அ போக்கோ! அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமா. எல்லாருக்கும் வரும், உனக்கும் வரும்," என்றாள். அந்தப் பெண் பயந்து போய் அலுவலகத்தில் விசாரித்தாள், அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று. பயிற்சிப் பள்ளி முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "லீவு வேணுமாம்மா?" என்று கேட்டார். "மூச்சாஸ் கிராசியாஸ்!" என்று ரொம்ப நன்றியோடு கையெடுத்துக் கும்பிட்டாள் அக்கா. அவர் அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை.

டீச்சருக்கும் இந்தக் காற்று அடித்தது. வண்டிக்குள் இப்போது பாதி ஸ்பானிஷ், பாதி தமிழ். பேருந்தைப் பார்த்தால் டீச்சர் நீட்டி முழக்காமல், "பஸ்!" என்று மட்டும் கத்தக் கற்றிருந்தாள்.

குடும்பம் பற்றிப் பேசும் வாரம் வந்தது. வீட்டில் யார் யார், எப்படி இருப்பார்கள் என்று குழுவுக்குள் பேச வேண்டும். அக்கா முந்தின நாளே தயாரானாள். வீட்டுக்காரருக்குத் தலையில் முடி இல்லை என்பதைச் சொல்லாமல் அவரை எப்படி வர்ணிப்பது? டீச்சர் சொல்லித் தராத ஒரு சொல்லை அகராதியிலிருந்து தானே தோண்டி எடுத்தாள். கபேயோ. தலைமுடி. குளிக்கும்போதும் சமைக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வகுப்புக்குள் நுழைந்த நேரம் பார்த்து அது நாக்கில் லேசாகப் புரண்டு, கபாயோ ஆகிவிட்டது. கபாயோ என்றால் குதிரை. அது போன வாரம் விலங்குப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். அக்கா அன்று மட்டும் வேலை நிமித்தம் வராமல் போயிருந்தாள்.

டீச்சர் அறையின் மறுகோடியில் வேறொரு குழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பானிஷில் ஆரம்பித்தாள்.

"என் கணவர் நல்லவர். என் கணவர் உயரம். என் கணவருக்குக் குதிரை இல்லை."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலை மெனக்கெட்டு ஒருத்தி இதைச் சொல்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

"வேண்டுமா?" என்று கேட்டார் கேக் மாஸ்டர். "அவருக்கு, குதிரை?"

"ஆமாம், ஆமாம்! மூச்சோ, ரொம்ப!" அக்காவுக்கு உற்சாகம் பொங்கியது. "முன்பு நிறையக் குதிரை. கறுப்பு. அழகு. ரொம்ப அழகு. இப்போது ஒன்றுமில்லை."

நர்ஸுக்குக் கண்ணில் நீர் கோத்தது. "எப்படி?"

பரம்பரை என்பதற்குச் சொல் தெரியவில்லை. "குடும்பம்," என்றாள் அக்கா. "மாமனார், குதிரை இல்லை. கொழுந்தனார், குதிரை இல்லை. போக்கோ அ போக்கோ, எல்லாம் போச்சு." கையை விரித்துக் காட்டினாள்.

தபால் அதிகாரி மேசையைத் தட்டவில்லை. முதல்முறையாகத் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெரிய குதிரைப் பண்ணையும் அதை அணு அணுவாக இழந்த ஒரு பரம்பரையும் அவர் மனக்கண்ணில் ஓடின.

"வருத்தப்படுகிறாரா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இல்லை," என்று பெருமையாகச் சொன்னாள் அக்கா. "தொப்பி."

பல் டாக்டர்கூட அன்று ஒரு பதிலை முழுசாகக் கேட்டு முடித்தார். இழப்பையெல்லாம் ஒரு தொப்பிக்கு அடியில் மறைத்துக்கொண்டு நடமாடுகிற மனிதர்! வகுப்பு முடிந்ததும் தமிழில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆறின புண்ணைக் கிளறக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரே எண்ணம். அக்காவும் வழக்கம்போல ஸ்கூட்டர் காத்திருக்கிறது என்று ஓடிவிட்டாள். ஜன்னல் வழியாக நர்ஸ் எட்டிப் பார்த்தபோது, தொப்பி போட்ட ஒரு மனிதர் ஸ்கூட்டரில் சாய்ந்து தனியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாதே.

பருவத்தின் முடிவில் ஒரு பேச்சு மாலை வைத்தாள் டீச்சர். பரீட்சை, கொண்டாட்டம் எல்லாம் அதுவேதான். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும். அன்றும் வாசற்படிக்கு உள்ளே தமிழ் கூடாது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா," என்றார் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டே.

"யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே மூச்சோ குஸ்தோன்னு சொல்லுங்க. உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்னு அர்த்தம். அது போதும்."

வழி நெடுக அவர் அதையே சொல்லிப் பார்த்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடமும் ஒருமுறை சொன்னார்.

வகுப்பறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளி நடுவில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வண்ணக் காகிதத் தோரணம் கட்டியிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் சட்டென்று தணிந்தது. பல் டாக்டர் முன்னே வந்து அவர் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"உங்கள் குதிரைகளுக்காக மிகவும் வருந்துகிறேன்," என்றார் ஸ்பானிஷில்.

"மூச்சோ குஸ்தோ!" என்றார் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக.

என்ன மனத்திடம் இந்த மனிதருக்கு என்று டாக்டர் அசந்து போனார். அடுத்து தபால் அதிகாரி வந்து தோளைத் தட்டிக்கொடுத்து, வாழ்க்கை கஷ்டமானது என்றார். அதற்கும், "மூச்சோ குஸ்தோ!" நர்ஸ் அவரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு தடவை சொன்னார்.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்காரருக்கு இவ்வளவு வரவேற்பா!

அப்போது கேக் மாஸ்டர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, நாலு பக்கமும் திறந்தார். உள்ளே ஒரு குதிரைக் கேக். கறுப்புச் சாக்லேட்டில் மினுங்கும் உடம்பு, தூக்கிய முன்னங்கால், காற்றில் பறப்பதுபோல இழை இழையாக இழைத்த பிடரி மயிர். பார்த்தவர்கள் எல்லோரும் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். "ஐயா," என்று தழுதழுத்த ஸ்பானிஷில் சொன்னார் மாஸ்டர், "கறுப்புக் குதிரை. உங்களுக்கு."

வீட்டுக்காரர் குனிந்து மனைவியின் காதில், "இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்று கேட்டார்.

நர்ஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டமாவது ஒன்றாவது, தமிழிலேயே உடைந்துவிட்டாள். "அண்ணே, மனச மட்டும் விட்றாதீங்கண்ணே. போன குதிரை போகட்டும். நல்லவங்களுக்கு இன்னொண்ணு வராமலா போயிடும்?"

"எந்தக் குதிரைம்மா? எங்கிட்ட ஸ்கூட்டர்தானே இருக்கு?"

"உங்க அப்பாவுக்கும் போயிடுச்சாமே? தம்பிக்கும் போயிடுச்சாமே?"

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா எல்லோரையும் பார்த்தாள். "குதிரையா? நான் எப்ப குதிரைன்னு சொன்னேன்?"

"கபாயோன்னு சொன்னீங்களே," என்றார் தபால் அதிகாரி, மேசையில் ஒரு தட்டுத் தட்டி.

"ஆமா, சொன்னேன். அதுக்கு?" என்றவள் சடாரென்று வீட்டுக்காரரின் தொப்பியைப் பிடுங்கினாள். குழல் விளக்கு வெளிச்சத்தில் அவர் தலை நிலா மாதிரி எழுந்தது. அக்கா அதை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள். "இதோ, கபாயோ! ஒண்ணாவது இருக்கா, நீங்களே பாருங்க!"

ஓரத்தில் நின்றிருந்த டீச்சரிடமிருந்து ஒரு கிரீச் சத்தம் வந்தது. "கபேயோ! அக்கா அவர்களே, அது கபேயோ!" அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தன் மொழியில் என்னென்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புரிய ஆரம்பித்த வரிசையில் ஒவ்வொருவராகக் கவிழ்ந்தார்கள். பல் டாக்டர் தம் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். தபால் அதிகாரி விடாமல் மேசையைக் குத்தினார். நர்ஸ் அழுகையைப் பாதியில் நிறுத்த முடியாமல் அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவுக்குத்தான் காது மடல்வரை சூடேறியது. வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது. நிற்கவில்லை, ஒன்றும் நிற்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் முதல்முறையாக உட்கார்ந்திருந்தாள்.

பயத்தோடு வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். ஊர் பார்க்கத் தொப்பியைப் பிடுங்கிவிட்டோமே!

அவர் தம் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். குதிரையை உற்றுப் பார்த்தார். கத்தியை எடுத்தார். "எல்லாரும் உடம்ப எடுத்துக்குங்க," என்றார் நிதானமாக. "பிடரி மட்டும் எனக்கு. நான் கேட்டுக்கிட்டிருந்தது அதைத்தான்."

கேக் மாஸ்டர் தம் கையாலேயே அதை அலுங்காமல் வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் அதை நேரே தலைமேல் தூக்கிப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். அக்காவின் முகம் முதலில் கோணியது, பிறகு உடைந்தது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டுக் காவல்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். அவருக்குக் குதிரையின் ஒரு கால் கிடைத்தது.

எல்லோரும் தேறினார்கள். சுவரைப் பிடித்து எழுந்ததும் டீச்சர் முதலில் சொன்னது அதுதான். ஒரு குடும்பத்தின் துயரத்தை ஸ்பானிஷிலேயே சொல்லி, ஸ்பானிஷிலேயே கேட்டு, ஸ்பானிஷிலேயே கண் கலங்கிய மாணவர்களுக்கு வேறென்ன பரீட்சை வைக்க?

அதற்கடுத்த வாரம் டீச்சருக்கு ஓட்டுநர் தேர்வு. அக்கா அவளைக் கூட்டிப்போய் விட்டாள். தேர்வு அதிகாரி பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி மெல்லக் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு அக்கா டீயை வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருநாளும் டீ இப்படி ஆறியதில்லை. ரவுண்டானாவுக்குள் போயிருப்பாளா? வெளியே வந்திருப்பாளா?

வண்டி வந்தது. நேராக, சீராக வந்து கோட்டுக்குள் நின்றது. அதிகாரி இறங்கி ஏதோ சொன்னார். டீச்சர் கதவைக்கூடச் சாத்தாமல் தெருவைப் பார்த்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, ஓடி வந்தாள்.

"பாஸாயிட்டேங்க்கா!"

அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கவனித்தாள். அவள் பேச்சிலிருந்து இலக்கணப் புத்தகம் எங்கோ விழுந்துவிட்டது. தெருவில் எல்லோரும் பேசுகிற தமிழ் முதல்முறையாக அவள் வாயிலிருந்து வந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் டீச்சர் கைப்பேசியை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். திரையில், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி ஒரு பருத்த அம்மாள் வந்தாள். மகள் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மாளும் கத்தினாள், மகளும் கத்தினாள், டீக்கடைக்காரர் சர்க்கரையை அதிகமாகப் போட்டுவிட்டார். திடீரென்று டீச்சர் கைப்பேசியை அக்காவின் கையில் திணித்தாள்.

"பேசுங்க. உங்கள்ட்டத்தான் பேசணுமாம்."

அக்கா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தாள். எதிரே இருப்பது வகுப்பு இல்லை, நிஜமான ஆள். திரைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. அந்த அம்மாள் நிறுத்தி நிதானமாக ஏதோ கேட்டாள். மகள், ஓட்டுவது, எப்படி. மூன்று சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக அக்காவுக்குள் விளக்கேற்றிக்கொண்டு போயின. புரிந்தது! அடி மனசோடு புரிந்தது!

"சு ஈஹா கொந்தூசே முய் பியென்," என்றாள். உங்கள் மகள் மிக நன்றாக ஓட்டுகிறாள். அதோடு நிறுத்த மனமில்லை. தெரிந்ததைத் தேடி எடுத்துச் சேர்த்தாள். "நோ தெங்கோ மியேதோ." எனக்குப் பயமில்லை.

அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த கணம் அணை உடைந்தது. சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் போகிற லாரி மாதிரி வேகமாகப் பேசினாள். அக்கா பின்னாலேயே ஓடி ஓடிச் சில சொற்களை மட்டும் பொறுக்கினாள். வீடு. வாங்க. சாப்பிட. எப்போது? கணவரும்.

"சீ! சீ!" என்றாள் அக்கா. ஆமாம், ஆமாம். எப்போது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான். அதையும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். "மன்யானா!"

நாளைக்கு.

சிரிப்பு பீறிட்ட டீச்சர் மறுபடியும் எங்கே உட்காரலாம் என்று டீக்கடை பெஞ்சைத் தேடினாள். திரையில் அந்த அம்மாள் உடனே திரும்பி, உள்ளே யாரையோ கூப்பிட்டு, பெரிய பாத்திரத்தை எடுக்கச் சொன்னாள்.

அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். பின்னால் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. "என்னங்க, டீச்சர் பாஸ்! அவங்க அம்மாகிட்ட நானே பேசினேன், முழுக்க ஸ்பானிஷ்ல! நம்ம ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. நான் வர்றோம்னு சொல்லிட்டேன்."

"நல்லதும்மா. எங்க?"

"அவங்க ஊர்ல."

"என்னைக்கு?"

"நாளைக்கு."

இயந்திரம் நின்றது.

"நாளைக்கா? கடையில லீவு சொல்லணுமே."